அக்காவின் வாசகமும் என் நெல்லிச்சாறும்

ஒரு ஃபவுண்டரியில் முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். வார்த்து வந்த இரும்பைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, விரிசல் இருந்தால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஒதுக்கித் தள்ளுவதுதான் என் வேலை. அந்தச் சத்தத்தில் காது பாதி போயிற்று. குணம் மட்டும் முழுசாகத் தங்கிவிட்டது. கல்யாண வீட்டில் ரசத்தில் உப்பு அதிகம் என்றால் சமையல்காரரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். கோயமுத்தூர்ப் பக்கத்தில் இப்படி ஒருவன் பிறந்தது ஊருக்கே தர்மசங்கடம். இங்கே கூரை பற்றி எரிந்தால்கூட, "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, கொஞ்சம் பொகையற மாதிரி இருக்குதுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

என் மனைவி இறந்த பிறகு சூலூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அக்காவுக்கு எழுபத்தாறு, எனக்கு எழுபது. கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பரீட்சை அறையில் அவள் நடக்கும்போது பிட்டு வைத்திருக்கிற பிள்ளைகள் தாமாகவே எழுந்து கொடுத்துவிடுவார்கள் என்று பேர். எங்கள் பங்குக் கோவிலில் முப்பது வருஷமாக ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, பூசையில் பைபிளிலிருந்து படிக்கிற முதல் வாசகம் அவளுடையது. அதற்கென்றே ஒரு நல்ல புடவை, ஒரு கண்ணாடி, ஒரு நோட்டு உண்டு. கோவில் புத்தகத்தில் எழுத்து பொடியாக இருக்கிறது என்று, அந்த வார வாசகத்தை முன்கூட்டியே நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிவைத்து அதைப் பார்த்து வாசிப்பாள்.

போன மார்கழியில் அவளுடைய ஞாபகம் சறுக்க ஆரம்பித்தது. பால்காரர் வந்தாரா என்று ஒரே காலையில் மூன்று முறை கேட்டாள். தெருவிலுள்ள பங்குக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவள் எத்தனையாவது மணியில் இருக்கிறோம் என்று தெரியாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நாற்பது பிள்ளைகளின் மார்க்கை லிஸ்ட் பார்க்காமல் சொன்னவள். அன்று சாயங்காலம் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்.

"தம்பி, எனக்கு மறந்துபோகுது. வயசாச்சு, போகட்டும். வாசிக்கறது மட்டும் போயிரக் கூடாது. அப்படியே போனாலும், போனது தெரியாம நான் அங்க நிக்கக் கூடாது. ஊர்ல எல்லாரும் மரியாதை பாத்து வாய மூடிக்குவாங்க. நீதான் மூஞ்சிக்கு நேரா சொல்றவன். தப்புப் பண்ணுனா நீ சொல்லிப்போடோணும்."

சொல்கிறேன் என்றேன். எனக்கு அதில் என்ன கஷ்டம்? வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைதானே என்று நினைத்தேன்.

பெங்களூரில் இருக்கும் என் மகளுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரே ராத்திரியில் இரண்டு காரியம் செய்தாள். அத்தையை உடனே நரம்பு டாக்டரிடம் காட்டச் சொன்னாள். கூடவே, ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்த காய், பழங்கள் வயதானவர்களின் மூளைக்கு நல்லது என்று ஒரு வீடியோவையும் அனுப்பினாள். இரண்டில் எனக்கு வசதியானதை நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வீடியோவில் வந்த டாக்டர் அம்மா பேசியது முழுக்க என் பாஷை. உடம்புக்குள் ஆக்சிஜன் பட்டுப் பட்டு செல்கள் கெட்டுப்போகின்றனவாம். அதாவது துரு. துருவைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்தால் இரும்பு, விட்டால் துரு. அக்காவின் மூளைக்கு ஒரு கோட்டிங் கொடுத்தால் முடிந்தது. சாப்பாட்டால் கொஞ்சம் உதவி இருக்கலாம், இதை மருந்தாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் அந்த அம்மா கடைசியில் சொன்னார். கடைசி வரைக்கும் வீடியோ பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. அதைப் பல மாசம் கழித்துத்தான் கேட்டேன்.

நானே ஒரு ஃபார்முலா போட்டேன். பெருநெல்லி நாலு, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, பாதி பீட்ரூட், பச்சை மஞ்சள் ஒரு துண்டு, மாதுளை முத்து, நாலு மிளகு. சர்க்கரை கூடாது, வடிகட்டவும் கூடாது. கீரை அன்னூரில் தோட்டம் வைத்திருக்கும் பழைய சிநேகிதர் வீட்டிலிருந்து வரும். மிக்ஸியில் அடித்து முடித்தால் கிடைக்கிற நிறம் கிட்டத்தட்ட ரெட் ஆக்சைடேதான். அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை இன்னும் ஏறியது. தினமும் காலை ஆறரைக்கு ஒரு டம்ளர். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லா இருக்குது கண்ணு" என்பாள். நான் குடித்துப் பார்த்தேன். நன்றாக இல்லை. அவளிடமும் அதையேதான் சொன்னேன்.

மூன்று மாசம் கழித்துப் பங்குக் கூடத்தில் முதியோருக்கு ஞாபகசக்தி பரிசோதனை முகாம் நடத்தினார்கள். ஒரு இளம் டாக்டர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மூன்று வார்த்தை சொல்வார், நடுவில் வேறு ஏதாவது பேசுவார், பிறகு அந்த மூன்றையும் திருப்பிச் சொல்லச் சொல்வார். நான் வாசலில் பதைபதைத்துக்கொண்டு நின்றேன். அக்கா உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் சிரித்த முகத்தோடு வந்தாள். டாக்டரும் கூடவே எழுந்து வந்து, "மூணு வார்த்தையும் டக்குன்னு சொல்லிட்டாங்க சார், பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

என்ன கொடுக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். மிளகு வரைக்கும் சொன்னேன். அன்று இரவே மகளுக்கு போன் போட்டு, நரம்பு டாக்டரெல்லாம் தேவையில்லை, அப்பா ஜூஸிலேயே சரிபண்ணிவிட்டேன் என்றேன். அவள் எதற்கும் ஒருமுறை காட்டலாமே என்றாள். பரீட்சையில் பாஸானவளை மறுபடி எதற்குப் பரீட்சைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டு போனை வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் பெரிய மனுஷன் ஆகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கோவிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பது என் வழக்கம். என் பக்தி அந்த மரம் வரைக்கும்தான் வரும். அங்கிருந்து ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கேட்கும், என் காதுக்கு வார்த்தை பிடிபடாது. பூசை முடிந்து வருகிறவர்கள் நேராக என்னிடம் வருவார்கள்.

"டீச்சர் இன்னிக்கு என்ன அருமையா வாசிச்சாங்க தெரியுமுங்களா!"

"எழுவத்தாறு வயசுன்னு ஆராச்சும் நம்புவாங்களா?"

"எல்லாம் உங்க ஜூஸுதானுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை முதலில் சொன்னவர் எங்கள் அன்பியத் தலைவி. ஐம்பத்தைந்து வயசு, வாயைத் திறந்தால் தேன். அவர் ஃபார்முலாவை எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். கேட்காதவர்களுக்கும் கொடுத்தேன். அடுத்தடுத்த வாரங்களில், "நீங்க சொன்ன மாதிரியே குடிக்கறமுங்க, ஒண்ணாவதுல படிச்ச பாட்டெல்லாம் ஞாபகம் வருதுங்க" என்று வந்து சொன்னார்கள். முப்பத்திரண்டு வருஷம் ஒதுக்கித் தள்ளுவதற்கே சம்பளம் வாங்கியவனுக்கு இவ்வளவு பாராட்டு கிடைத்தால் என்ன ஆகும்? தலை கனத்துவிட்டது. துண்டுப்பிரசுரம் போடலாமா என்றுகூட யோசித்தேன்.

வீட்டில் பால்காரர் கேள்வி நிற்கவில்லை. அதைக் காதில் வாங்காமல் இருக்க எனக்கு ஏற்கனவே வசதி இருந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. பூசை ஆரம்பித்ததும் மழை கொட்டியது. வேப்பமரம் கைவிட்டுவிட்டதால் கோவிலுக்குள் ஓடி, கடைசி பெஞ்சில், நேர் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்தேன். யாரோ அந்த வாரத்து வழிபாட்டுத் தாளைக் கையில் கொடுத்தார்கள். அக்கா எழுந்தாள். நல்ல புடவை, நிமிர்ந்த நடை. அவள் எழுந்ததும் ஒரு சலசலப்பு கேட்டது. சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் தங்கள் கையிலிருந்த தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை வைத்திருந்த ஒரு பெண், அந்தக் குழந்தையின் கையிலிருந்த தாளைக்கூட வாங்கி மடித்தாள். வாசிப்பவருக்கு இப்படி ஒரு மரியாதை கொடுக்கிற வழக்கம் போல என்று நினைத்து நானும் மடிக்கப் போனேன்.

அக்கா வாசித்தாள். கணீரென்ற குரல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு எழுத்து பிசகாமல். இரண்டு வரி போனதும் மடிக்காத தாளைப் பார்த்தேன். தாளில் இருந்தது வேறு. அவள் வாசித்தது அறுவடையைப் பற்றி, தாளில் அறுவடையே இல்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன். தேதி சரியாகத்தான் இருந்தது. ஒருவர் முகத்திலும் சுருக்கம் இல்லை. அவள் முடித்ததும் எல்லோரும் சேர்ந்து வழக்கமான நன்றியை வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார்கள். ஃபாதர் பிரசங்கத்தில், தாளில் இருந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, "நம்ம டீச்சர் வாசிச்ச மாதிரி அறுவடையும்..." என்று அதையும் ஒரு ஓரத்தில் சேர்த்துக்கொண்டார். அந்தச் சேர்ப்பு பிசிறில்லாமல் இருந்தது. பலமுறை செய்து பழகிய கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பூசை முடிந்ததும் அன்பியத் தலைவியைத் தாழ்வாரத்தில் பிடித்தேன்.

"டீச்சர் இன்னிக்கு என்ன அருமையா..." என்று தொடங்கினார்.

"எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "எதுங்க?"

"எத்தனை நாளா தப்பான வாசகத்தை வாசிக்கறாங்க?"

"தப்புன்னு இல்லீங்க. ஆடி மாசத்துல இருந்து அந்த அறுவடைதானுங்க வருது. நோட்டுல அந்தப் பக்கம் அவங்களுக்குப் புடிச்சுப்போச்சாட்டம் இருக்குது. நல்ல வாசகம்தானுங்களே? ஃபாதரே ஒண்ணும் சொல்லலீங்க."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"உங்க மனசு சங்கடப்படுமேன்னுதானுங்க. நீங்க அந்த ஜூஸு ஜூஸுன்னு அவ்வளவு ஆசையா இருந்தீங்க."

"கேம்ப்ல டாக்டர் கேட்டதுக்கு மூணு வார்த்தையும் சரியாச் சொன்னாங்களே!"

அவர் தரையைப் பார்த்தார். "என்னைய டீச்சருக்கு முன்னாடியே பாத்து முடிச்சாங்கல்லங்க. எல்லாருக்கும் அதே மூணு வார்த்தைதான். ரோஜா, சாவி, ரயிலு. டீச்சர் பயந்துட்டு உக்காந்திருந்தாங்க, பாக்கவே பாவமா இருந்துச்சு. ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி கைக்குட்டைக்குள்ள வெச்சுவுட்டேனுங்க."

"அக்கா வாங்கிட்டாங்களா?"

"வாங்கிட்டாங்க," என்றார் மெதுவாக. பிறகு, எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, "உங்க ஜூஸு மேல ஒண்ணும் குத்தமில்லீங்க. நாங்க ஆரும் போட்டுக் குடிக்கல. பேப்பர் மட்டும் பத்திரமா வெச்சிருக்கமுங்க" என்றார்.

அவர்மேல் வந்த கோபம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பிட்டு வாங்கியவள் என் அக்கா. முகாம் முடிவைக் காட்டி நரம்பு டாக்டரைத் தட்டிக்கழித்தவன் நான். மார்கழியில் போயிருக்க வேண்டிய இடத்துக்கு ஐப்பசி வரை போகாமல், மிக்ஸியைச் சுற்றவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். எத்தனையோ இரும்பைத் தட்டி விரிசல் கண்டுபிடித்தவன், ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைத் தட்டிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, மழையில் நின்று சமாளித்தேன்.

காரில் ஏறினோம். அக்காவுக்கு நல்ல சந்தோஷம்.

"உள்ள வந்து உக்காந்திருந்தியே, பாத்தேன். எப்படி இருந்துச்சு, சொல்லு."

இதற்குத்தான் என்னை வைத்திருந்தாள். நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தால் வார்த்தை வரும் என்று எழுபது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

"நல்லா வாசிச்சக்கா" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள். விமானப்படைத் தளத்தின் நீளச் சுவர் பின்னால் போயிற்று.

"அப்ப தப்பா வாசிச்சிருக்கேன்" என்றாள்.

"இல்லக்கா..."

"நீ இத்தனை வருசத்துல எனக்கு நல்லா இருக்குன்னு ஒண்ணைச் சொன்னதில்ல. நான் வெச்ச கொழம்பைச் சொன்னதில்ல, கட்டுன புடவையைச் சொன்னதில்ல. நீயே மரியாதை பாக்கற அளவுக்கு ஆயிப்போச்சுன்னா, ரொம்பத்தான் மோசமா இருந்திருக்கோணும்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அறுவடை, ஆடி மாசம், மடித்த தாள்கள், ஃபாதர். கைக்குட்டையை மட்டும் சொல்லவில்லை. அதை அவளே சொன்னாள். "கேம்ப்லயும் பாத்துத்தான் சொன்னேன். வெளிய வந்து உன்ற மூஞ்சியப் பாத்தேன். சொல்ல மனசு வரல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றவில்லை. மேஜையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாள் கேட்டாள். பங்குத் தந்தைக்குக் கடிதம். இனிமேல் தன்னால் வாசிக்க இயலாது, வேறு ஒருவரை நியமிக்க வேண்டும், இத்தனை நாள் வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி. நாலே வரி, கரும்பலகையில் எழுதுவது போன்ற அதே நேர்க்கோட்டு எழுத்து. கையெழுத்துப் போட்டு மடித்து என் சட்டைப் பையில் அவளே வைத்தாள்.

"நாளைக்குக் காலையில கொண்டுபோய்க் குடுத்துப்போடு. இது எனக்கு நாளைக்கு நெனப்பு இருக்குமோ இருக்காதோ. நான் சண்டை போட்டாலும் குடுத்துப்போடு. அப்புறம் உன்ற புள்ள சொன்ன டாக்டர்கிட்ட நேரம் கேளு."

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. நான் கோவிலுக்குப் போய் ஃபாதரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "அதனால என்னங்க, டீச்சரே வாசிக்கட்டுங்க, எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சுங்க" என்று திருப்பி நீட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் கையை நீட்டவில்லை. வாங்கிக்கொள்ளுங்கள் ஃபாதர், அவள் கேட்டது இது ஒன்றைத்தான் என்றேன். அவர் அதை மேஜை டிராயரில் வைத்தார். கோவில் வாசலில் நின்று போனிலேயே நரம்பு டாக்டரிடம் புதன்கிழமைக்கு நேரம் வாங்கினேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். நோட்டில் புதுப் பக்கம். பக்கத்தில் காலண்டர், வாசிப்பவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கிற கோவில் தாள், வாசகப் புத்தகம் எல்லாம் பரப்பிவைத்திருந்தாள். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு தன் முறை வருகிறதல்லவா என்றாள். நேற்று நடந்ததன் சுவடே அவள் முகத்தில் இல்லை.

"எங்க போயிட்டு வாரே?"

"சும்மா, நடந்துட்டு வந்தேன்."

"உக்காரு. வாசிக்கறேன், தப்பிருந்தா சொல்லு."

உட்கார்ந்தேன். கோவில் தாளை எடுத்து மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். நான் விரலால் வரி வரியாகத் தொடர்ந்தேன். அந்த ஞாயிறுக்கு உரிய வாசகமேதான். ஒரு சொல் மாறவில்லை, ஒரு நிறுத்தம் தவறவில்லை. தட்டிப் பார்த்த இடமெல்லாம் சுத்தமாக இருந்தது.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சரியா இருக்குதுக்கா. ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

நோட்டை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "இதே மாதிரி அன்னிக்கும் வாசிச்சுப்போட்டாப் போதும் கண்ணு" என்றாள்.